முருகா!

காலையில் எழுந்ததும் கடவுளை நினைக்க வேண்டும் என்று பாட்டி சொல்வாள். மூன்று மாதமாகத் தவறாமல் நினைத்தேன். கட்டிலிலிருந்து வலது காலைத் தரையில் வைத்த அடுத்த வினாடி, 'ஐயோ, முருகா!' குதிகாலில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். பத்தடி நடந்தால் குறையும்.

எலும்பு டாக்டர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே இரண்டு பேஷன்ட்டுகள் எழுந்து போய்விட்டார்களாம்!

"பாதத்துக்கு அடியில் வில்லின் நாண் மாதிரி ஒரு நார்ப்பட்டை இருக்கு. ராத்திரி சுருங்கிக்கும். காலையில் வெடுக்குன்னு இழுபடும். அதான் முதல் அடியில் உயிர் போகுது" என்றவர், ஷூவுக்குள் வைக்க ஸிலிக்கான் மெத்தை எழுதிக் கொடுத்தார். படுக்கையை விட்டு எழும்முன் பாதத்தைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுக்கவும் சொன்னார்.

வலிப்பது ஒரு கால்தானே? வலது ஷூவில் மட்டும் வைத்தேன். இரண்டே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பற்று மட்டும் எழுதி வரவை விட்டால் பாலன்ஸ் ஷீட் டாலி ஆகுமா? பி.காம். படித்து என்ன பயன்! இரண்டிலும் வைத்தேன். குதிகால் ஷூவை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது.

பிளாட்பாரத்தில் செருப்பு தைக்கும் பெரியவர்தான் காப்பாற்றினார். "உள்ளே இருக்கிற பழைய அட்டையை உருவுங்க சார். அதை அளவா வெச்சு விரல் பக்கம் மட்டும் வெட்டுங்க. குதிகால் பக்கம் கத்தரியே படக்கூடாது."

கச்சிதம்! அந்தப் பெருமையை அளக்க அடுக்களைக்குப் போனால், அம்மா சுட்ட செங்கல்லில் துணி சுற்றி, அதன்மேல் குதிகாலை வைத்திருந்தாள்.

"உனக்குமா? எத்தனை நாளா?"

"நாளா? நீ ப்ளஸ் டூ படிக்கறப்பலேர்ந்து."

விடியற்காலை ஐந்து மணியிலிருந்து வெறுங்காலோடு மொசைக் தரையில் நிற்பவள். மெத்தை வைக்க ஷூ வேண்டும். அம்மாவுக்கு ஏது ஷூ?

எம்.சி.ஆர். செருப்பு வாங்கி வந்தேன். தொழுநோயால் மரத்துப்போன பாதங்கள் புண்ணாகாமல் காக்க, வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் போன்றவர்கள் பயன்படுத்திய மெத்து மெத்தென்ற ரப்பர். அது வலி தெரியாத கால்களுக்கு. அம்மா, வலி தெரிந்தும் சொல்லாதவள்.

"வீட்டுக்குள்ளே செருப்பா? லட்சுமி வருவாளாடா?"

ஒரு வாரம் கெஞ்சினேன். கடைசியில் ஓர் ஒப்பந்தம்: அடுக்களையில் போட்டுக்கொள்வாள், பூஜை அறை வாசலில் கழற்றிவிடுவாள்.

இன்று காலை அம்மா எழுந்து "முருகா!" என்றாள். பதறி ஓடினேன்.

"வலிக்குதாம்மா?"

"இல்லேடா. இன்னிக்குச் சும்மாதான் கூப்பிட்டேன்."