நல்ல யந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்வது யார்?

2025 அக்டோபர் 14-ந் தேதி அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அனுப்பி வந்த திருத்தங்களை நிறுத்திவிட்டது. உலகமெங்கும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் நமது சங்க ஆபீஸ்களின் கம்ப்யூட்டர்களும் உண்டு.

"இதற்கும் மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் கம்ப்யூட்டர் கடைப் பையன் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்" என்று சிலர் சொல்கிறார்கள். இது தவறான பேச்சு.

சங்க ஆபீஸில் இன்று நாலு கம்ப்யூட்டரோ ஆறு கம்ப்யூட்டரோ இருக்கின்றன. ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குள்ளே இருப்பவை என்ன? உறுப்பினர் பட்டியல், சந்தாக் கணக்கு, பி.எப்., கிராஜுவிட்டி வழக்குக் காகிதங்கள், கூலிப் பாக்கி மனுக்கள், வீட்டுமனைப் பட்டா மனுக்கள். புதிதாகச் சங்கம் தொடங்கிய மில்லில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் நிர்வாகத்தின் கைக்குப் போனால், மறுநாள் காலை கேட்டில் என்ன நடக்கும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தம் எதற்கு?

கம்ப்யூட்டருக்குள் ஓடும் மென்பொருள் மனிதர்கள் எழுதியது. அதில் ஓட்டைகள் இருக்கும். ஓட்டை தெரியவந்ததும் அதை அடைக்க அனுப்புவதே 'அப்டேட்' என்கிற திருத்தம். தேய்ந்த டிராவலரை மாற்றாமல் ரிங் பிரேமை ஓட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். இதுவும் அப்படித்தான். ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே அறுவது நூல் அல்ல, திருடன் உள்ளே வருகிறான்.

2017-ல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்க சர்க்காரின் உளவு ஸ்தாபனமான என்.எஸ்.ஏ., விண்டோஸில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, பிறரை வேவு பார்க்க அதை ரகசியமாகக் கைவசம் வைத்திருந்தது. அந்த ரகசியம் களவு போயிற்று. மார்ச் 14-ல் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரலில் களவுபோன கருவி ஊரறிய வெளிவந்தது. மே 12-ல் 'வானாக்ரை' என்ற கிருமி கிளம்பியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை நாட்கள் ரத்தாயின. திருத்தம் வந்து இரண்டு மாதமாகியும் போடாதிருந்த யந்திரங்களே விழுந்தன.

பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யின் கதை இன்னும் கேவலம். தனிக்கட்டணம் கட்டியவர்களுக்கு அதற்கான திருத்தம் முன்பே கிடைத்தது. மற்றவர்களுக்கு, ஊர் பற்றி எரிந்த பிறகே கொடுத்தார்கள்!

இரண்டு தவறான வழிகள்

"அப்டேட் எல்லாம் கம்பெனியின் சூழ்ச்சி, நிறுத்திவிடு" என்கிறார்கள் ஒரு சாரார். பல கடைகளில் திருட்டு விண்டோஸை ஏற்றி, அப்டேட்டை அடைத்துத்தான் கொடுக்கிறார்கள். இதை வீரம் என்று நினைப்பது அறியாமை. கம்பெனியை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு நம் கதவை நாமே திறந்து வைக்கிறோம்.

"கம்பெனி அனுப்புவதை அப்படியே எல்லா யந்திரத்திலும் உடனே போடு" என்பது மற்றொரு சாராரின் வாதம். 2024 ஜூலை 19-ல் என்ன நடந்தது? கிரௌட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கம்பெனி, பிழையுள்ள ஒரு திருத்தத்தை ஒரே மூச்சில் உலகமெங்கும் தள்ளிவிட்டது. 78 நிமிஷத்தில் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. விமானங்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். முதலில் சில யந்திரங்களில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு அனுப்பியிருந்தால் இந்த நாசம் இல்லை.

ஆகவே நிறுத்துவதும் தவறு. கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் தவறு. நிர்வகிக்க வேண்டும். நாம் நிர்வகிக்க வேண்டும்.

கம்பெனியின் கணக்கு

விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்கிறது மைக்ரோசாப்ட். ஆனால் 2017-க்கு முன் செய்த பெரும்பாலான யந்திரங்களை அது ஏற்காது. பாதுகாப்புக்காக இப்படி என்கிறார்கள். யந்திரம் பழுதில்லாமல் ஓடுகிறது. கணக்கு எழுதுகிறது, மனு அடிக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்றால், பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகச் சேர்ந்த சந்தாப் பணம் எங்கே போகிறது?

மாறாவிட்டால் ஆபீஸ்களுக்குத் தனிக்கட்டணம். கம்பெனி அறிவித்த விலை, முதல் வருஷம் ஒரு யந்திரத்துக்கு 61 டாலர். அடுத்த வருஷம் 122. மூன்றாம் வருஷம் 244. ஆறு யந்திரத்துக்கு மூன்று வருஷத்தில் இரண்டு லட்ச ரூபாய்க்கு மேல்! மீட்டர் வட்டிக்காரன்கூட வருஷத்துக்கு வருஷம் வட்டியை இரட்டிப்பதில்லை.

பணம் மட்டும் அல்ல பிரச்சினை. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் தடை விதித்ததும், குஜராத்தில் உள்ள நயாரா எண்ணெய்க் கம்பெனிக்கு மைக்ரோசாப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. டில்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகே அவை திரும்பின. நயாரா முதலாளிகளின் கம்பெனிதான். நமக்கு அதன் மேல் பாசம் இல்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகப் பணமுள்ளவனுக்கே இந்தக் கதி என்றால், சங்க ஆபீஸின் கதி என்ன?

செய்ய வேண்டியவை

1. ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த யந்திரம், எந்த மென்பொருள், கடைசியாகத் திருத்தம் போட்ட தேதி எது என்று எழுதுங்கள். இணையம் வரும் ரூட்டர் பெட்டிக்கும் திருத்தம் உண்டு, அதையும் சேருங்கள்.

2. திருத்தம் போடுவதற்கு முன் கணக்கையும் பட்டியலையும் தனி டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கிருமி அதையும் பூட்டிவிடும்.

3. மைக்ரோசாப்ட் தன் திருத்தங்களை மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று வெளியிடுகிறது. புதன்கிழமை ஒரே ஒரு யந்திரத்தில் போடுங்கள். பிரிண்டர் ஓடுகிறதா, கணக்கு திறக்கிறதா என்று பாருங்கள். சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் மற்றவற்றிலும் போட்டு முடியுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

4. ஆறு யந்திரமும் ஒரே திருத்தத்தைத் தனித்தனியே வெளியிலிருந்து இழுத்தால் இணையம் அடைத்துக்கொள்ளும். ஆளுக்கொரு இடத்தில் வாய்க்கால் கரையை வெட்டினால் கடைமடைக்குத் தண்ணீர் போகுமா? ஒரு யந்திரம் வாங்கி வைத்து மற்றவற்றுக்குக் கொடுக்கும்படி அமைக்கலாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதற்கு வசதி உண்டு.

5. இந்தப் பொறுப்பை இரண்டு தோழர்களிடம் கொடுங்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்கக் கூடாது.

மாற்று உண்டு

லினக்ஸ் எந்த முதலாளிக்கும் சொந்தமல்ல. அது எழுதப்பட்ட விதம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் டெபியன், உபுண்டு வகைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருஷம் திருத்தம் உண்டு. விண்டோஸ் 11 ஒதுக்கித் தள்ளிய அதே யந்திரத்தில் அது ஓடும். தமிழிலும் தட்டச்சு செய்யலாம்.

"டாலி ஓடாதே!" என்பார்கள். உண்மைதான், டாலி விண்டோஸுக்கென்றே செய்தது. அதற்கு ஒரு யந்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்காக ஐந்தையும் ஏன் அடகு வைக்க வேண்டும்?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில் ஓடுகின்றன. 2019-ல் 2 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு அதன் புதிய பதிப்பைத் தயாரித்துக் கொடுத்தது கைட் என்ற அரசு நிறுவனம். பள்ளிப் பிள்ளைகளால் முடிவது சங்க ஆபீஸால் முடியாதா?

சர்க்காரிடம் நாம் கோருவது இதுதான்: யந்திரம் உழைக்கும் காலமெல்லாம் பாதுகாப்புத் திருத்தத்தைக் கட்டணமின்றிக் கொடுக்கக் கம்பெனிகளைச் சட்டத்தால் கட்டாயப்படுத்து! அரசு ஆபீஸ்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவா!

சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், தோழர்களே. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சந்தாக் கணக்கைக் கேட்கும்போது, கம்ப்யூட்டர் நோட்டையும் கேளுங்கள். பட்டியலில் இருப்பது உங்கள் பெயர். அதைக் காப்பதும் உங்கள் பொறுப்பே.