தூங்கும் கணினியை எழுப்புவது யார்?

கும்பகர்ணனை எழுப்ப இராவணனின் ஆட்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்த கதை. பறை அடித்தார்கள், சங்கு ஊதினார்கள், யானைகளைக் கூட மேலே நடக்க விட்டார்கள். இன்றைய கணினியை எழுப்ப இத்தனை ஆர்ப்பாட்டம் தேவையில்லை. வெறும் 102 பைட் தகவல் போதும்!

அந்த வசதிக்கு வேக்-ஆன்-லேன் என்று பெயர். 1995ல் ஏ.எம்.டி. நிறுவனம் ஹ்யூலட் பேக்கர்டுடன் சேர்ந்து 'மேஜிக் பாக்கெட்' என்ற முறையை வெளியிட்டது. 1997ல் ஐ.பி.எம்.மும் இன்டெலும் கைகோத்து அதை அலுவலகக் கணினிகளுக்குக் கொண்டு வந்தன. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனாலும் பல கல்லூரி லேப்களில் இரவு முழுவதும் கணினிகள் ஆளில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கேட்டால், "ராத்திரி அப்டேட் போடணும், ஆன்டி வைரஸ் ஸ்கேன் ஓடணும், அதான் ஆஃப் பண்றதில்லை" என்று பதில் வரும்.

இது சரியான பதில்தானா?

முதலில் இந்த வசதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஷட்டவுன் செய்த பிறகும் கணினி முழுவதுமாக அணைந்து விடுவதில்லை. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை, பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் அளவில் சிறிது மின்சாரம் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த மின்சாரத்தில் நெட்வொர்க் கார்டு மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். அணைத்த கணினியின் பின்புறம், கேபிள் சொருகிய இடத்தில் சின்ன விளக்கு மினுக்குவது இதனால்தான். மேஜிக் பாக்கெட்டில் முதல் ஆறு பைட்டும் 255 என்ற எண். அதன் பின் அந்தக் கணினியின் ஆறு பைட் மேக் முகவரி பதினாறு முறை திரும்பத் திரும்ப வரும். ஆறும் தொண்ணூற்றாறும் சேர்ந்து 102. தன் முகவரியை இப்படிக் கேட்டதும் கார்டு மதர்போர்டைத் தட்டி எழுப்பிவிடும். நிர்வாகி ஒரே இடத்தில் உட்கார்ந்து, ரிமோட் மேனேஜ்மென்ட் மென்பொருள் மூலம் அறுபது கணினிகளையும் எழுப்பி, அப்டேட் போட்டு, மறுபடி தூங்க வைக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. அறுபது கணினிகள் உள்ள ஒரு லேபில், சும்மா இருக்கும்போது ஒவ்வொன்றும் 60 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாலை ஆறு முதல் காலை எட்டு வரை 14 மணி நேரம். ஓர் இரவுக்கு 50 யூனிட் மின்சாரம் வீண். அதே கணினிகள் அணைந்த நிலையில் தலைக்கு ஒன்றரை வாட் எடுத்தால், ஒன்றேகால் யூனிட்டோடு முடிந்துவிடும். இரவில் ஒரு மணி நேரம் எழுப்பி அப்டேட் போட்டாலும் கூடுதலாக நாலு யூனிட்தான். ஒரு மாதத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் மனசு ஆறாது.

"வேக்-ஆன்-லேன் போட்டுப் பார்த்தோம், பாதி மெஷின் எழும்பவே இல்லை" என்பது அடுத்த சமாதானம். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். எழும்பாத கணினி எதுவும் நடிப்பதில்லை. அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. லேபைப் பூட்டும்போது சுவரில் உள்ள மெயின் சுவிட்சையும் சேர்த்து அணைத்தால், கார்டுக்கு மின்சாரமே கிடைக்காது, பிறகு எப்படிக் கேட்கும்? பல மதர்போர்டுகளில் கரண்ட் போய் வந்தால், ஒருமுறை கையால் ஆன் செய்யும் வரை இந்த வசதி வேலை செய்யாது. பயாஸில் இதற்கான அமைப்பை இயக்கியிருக்க வேண்டும். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சில கணினிகளில் குறுக்கே நிற்கும். இவை எல்லாம் ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்தால் சரி செய்யக் கூடியவை.

ஆனால் யோசிக்க வேண்டிய எதிர்வாதம் ஒன்று உண்டு. அது பாதுகாப்பு.

மேஜிக் பாக்கெட்டுக்குப் பூட்டு கிடையாது. அனுப்பியவர் யார் என்று கார்டு கேட்பதே இல்லை. மேக் முகவரி தெரிந்த யாரும் அதே நெட்வொர்க்கிலிருந்து எழுப்பலாம். 'செக்யூர்-ஆன்' என்று ஆறு பைட் கடவுச்சொல் வைக்கும் வழி சில கார்டுகளில் உண்டு. ஆனால் அதுவும் மறைக்கப்படாமல் அப்படியே போகிறது. நடுவில் ஒட்டுக் கேட்பவருக்கு அது ரகசியமே இல்லை!

இதை ரான்சம்வேர் எழுதியவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள். ரியூக் என்ற ரான்சம்வேர், தான் புகுந்த கணினியின் ஆர்ப் பட்டியலில் இருந்து அக்கம்பக்கத்துக் கணினிகளின் மேக் முகவரிகளை எடுத்து, அவற்றுக்கு மேஜிக் பாக்கெட் அனுப்பியது 2020 ஜனவரியில் வெளியில் தெரிய வந்தது. கணினி எழுந்ததும் அதன் சி டிரைவை நெட்வொர்க் வழியாகத் திறந்து, கோப்புகளைப் பூட்ட முயலும். அணைத்து வைத்திருக்கிறோம், தப்பித்தோம் என்று நினைத்த கணினிக்கும் அன்று நிம்மதி இல்லாமல் போனது.

எழுப்புவதோடு நிற்காமல், கணினி அணைந்திருக்கும்போதே அதன் கட்டுப்பாட்டைத் தரும் இன்டெல் ஏ.எம்.டி. போன்ற வசதிகளிலும் கவனம் வேண்டும். (மேலே சொன்ன ஏ.எம்.டி. நிறுவனம் வேறு, இது இன்டெலின் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி.) 2017 மே மாதம் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. கடவுச்சொல்லுக்கான பதில் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக அனுப்பினாலே உள்ளே விட்டுவிட்டது! இன்டெல் திருத்தம் வெளியிட்டது. ஆனால் வெளியிட்ட திருத்தத்தை ஒவ்வொரு கணினியிலும் போட வேண்டியது அங்கங்கே உள்ள நிர்வாகிகள்தானே?

அப்படியானால் வேக்-ஆன்-லேனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? கூடாது. இரவெல்லாம் ஆனில் இருக்கும் கணினியை ரியூக் எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. அது ஏற்கனவே விழித்துக்கொண்டு தயாராக இருக்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டிக் கணினிகளை ஓட விடுவது, திருடன் கதவைத் தட்டுவான் என்று பயந்து கதவைத் திறந்தே வைப்பது போல!

செய்ய வேண்டியது வேறு. மேஜிக் பாக்கெட் நிர்வாக சர்வர் ஒன்றிலிருந்து மட்டுமே வரும்படி சுவிட்சிலும் ரூட்டரிலும் விதி போட வேண்டும். லேப் கணினிகளைத் தனி வி-லேனில் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து எழுப்பும் ஆசையில் ரூட்டரில் 9ம் எண் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடக் கூடாது, வி.பி.என். வழியாக உள்ளே வந்துதான் எழுப்ப வேண்டும். இத்தகைய பாக்கெட்டுகளை வெளியிலிருந்து மொத்த நெட்வொர்க்குக்கும் பரப்புவதை ரூட்டர்கள் இயல்பாகவே தடுக்க வேண்டும் என்று 1999லேயே இணையத் தரநிலை மாற்றப்பட்டது. அதைச் சோம்பலில் தளர்த்துவது வேலியை நாமே பிடுங்குவதற்குச் சமம். எந்தக் கணினி எத்தனை மணிக்கு எழுந்தது, யார் எழுப்பியது என்ற பதிவும் இருக்க வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு யாரும் சொல்லாமல் ஒரு கணினி எழுந்தால், அதுவே முதல் எச்சரிக்கை மணி.

கும்பகர்ணன் எழுந்தது தன் வேலைக்காக அல்ல, எழுப்பியவனின் போருக்காக. கணினியும் அப்படித்தான். எழுப்பியவர் நல்லவரா கெட்டவரா என்று அதற்குத் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது சர்வர் அறையில் இருப்பவர்கள்தான். அவர்கள் விழித்திருந்தால் லேபில் உள்ள கணினிகள் நிம்மதியாகத் தூங்கலாம். விழிப்பார்களா?