மேட்டுப் பாத்திக்கும் தண்ணீர் வேண்டும்

2020 மார்ச்சில் தொற்றுநோய் நாட்டைப் பூட்டியபோது, வீட்டிலிருந்தே பணியாற்றுக என்று அரசாங்கம் அறிவித்தது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு முற்றியபோது அரச ஊழியருக்கு அவ்வனுமதி மீண்டும் கிடைத்தது. நடக்க வல்லவருக்கு ஒரு சுற்றுநிருபத்தோடு கிடைத்த அந்த வசதி, பேருந்தில் ஏறவே இயலாத ஒருவர் கேட்கும்போது மட்டும் நடைமுறைக்கு ஒவ்வாததாகி விடுவது எந்த நியாயம்?

சட்டத்தைப் பார்ப்போம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலைக்குச் சேர்க்கும்போது ஒருவரை அவரது இயலாமை காரணமாகப் பாரபட்சமாக நடத்தலாகாது என விதித்தது. வாசலைத் திறந்த அவ்விதி, உள்ளே வந்தவர் எவ்வாறு உழைப்பது என்பதைச் சொல்லவில்லை. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையோ அதைச் சொல்கிறது. அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்படாத வரையில், ஊழியரின் தேவைக்கேற்ப வேலையைத் திருத்தியமைக்க வேண்டும். அதை மறுப்பதும் பாரபட்சமே என்பது அதன் கருத்து. ஆகவே எவரும் இங்கே தயவு கேட்கவில்லை. அரசு ஒப்புக்கொண்ட கடமையையே கேட்கின்றனர்.

கமக்காரருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மேட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் அவர் பயிரை ஏசுவதில்லை, வாய்க்காலைத் திருத்துகிறார்.

வீட்டுக்கு ஒரு கணினியை அனுப்புவதோடு இக்கடமை தீர்ந்துவிடாது. பார்வையற்ற உத்தியோகத்தர் கடிதங்களைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரல்வழி படிக்கிறார். ஒருங்குறியில் எழுதப்பட்ட தமிழை அது வாசிக்கும். பாமினி எழுத்துருவில் அடித்த கடிதமோ கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். கடதாசியைப் படம்பிடித்து அனுப்பினால் வாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அந்த மொழி பார்வையற்ற தமிழருக்கு எட்டாதவாறு எமது காரியாலயங்களே எழுதுமாயின், குற்றத்தைக் கொழும்பின்மேல் மட்டும் சுமத்துவது எங்ஙனம்?

செவிப்புலன் குன்றியவருக்குத் தொலைக்கூட்டத்தின் முடிவுகள் எழுத்தில் வேண்டும். ஆட்டிசம் போன்ற நரம்பியல் வேறுபாடு உடையவர் பலருக்கு, "கெதியாய் முடியுங்கள்" என்ற தொலைபேசிக் கட்டளை குழப்பத்தையே தரும். எந்த வேலை, எந்த நாளுக்குள், எதற்குப் பின் எது என்று எழுதிக் கொடுத்தால் அவர் செவ்வனே செய்து முடிப்பார். முன்னறிவிப்பின்றி அழைத்துத் திரையில் முகத்தைக் காட்டச் சொல்வதைத் தவிர்க்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மேலதிகாரியின் மனம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டிலிருந்து உழைப்பது ஊழியரின் விருப்பமாக இருத்தல் வேண்டும். பொதுக் கட்டடங்களை எல்லோரும் அணுகத்தக்கனவாக்க 2006இலேயே ஒழுங்குவிதிகள் செய்யப்பட்டன. சாய்தளம் கட்டாது தப்புவதற்கு வீட்டுவேலையைச் சாக்காக்குவோரை நாம் அனுமதிக்கலாகாது. கண்ணிற் படாத ஊழியர் பதவியுயர்வுப் பட்டியலிலும் படாது போகும் ஆபத்தும் இருக்கிறது.

2009இல் முடிந்த போர் கை கால்களையும் கண்களையும் பறித்துச் சென்ற பின்னர், இது சிலருடைய குடும்பக் கவலை என்று எவரும் ஒதுங்கிவிட முடியாது. பாராளுமன்றம் விதி செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. எமது வாக்கால் அமைந்த உள்ளூராட்சி மன்றங்கள் தமிழ்க் கடிதம் யாவையும் ஒருங்குறியில் எழுதட்டும். வீட்டிலிருந்து பணியாற்ற ஊழியர் விடுக்கும் கோரிக்கைக்கு முப்பது நாளுள் காரணங்காட்டி எழுத்தில் விடையளிக்கட்டும். சட்டத்தரணிகளும் வணிகரும் தத்தம் காரியாலயங்களில் அவ்வாறே செய்க. பிறரிடம் உரிமை கேட்டு நிற்கும் இனம், தன் மக்களுக்கு அதனை மறுத்து நிற்றல் தகாது.