கிராமத்து காற்றில் கரும்புகை: நெய்வேலி சிம்னி மட்டும்தான் காரணமா?

சிதம்பரம்:
தை, மாசி அறுவடை நேரத்தில் விடிகாலை புவனகிரி, காட்டுமன்னார்கோவில் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு எதிரே நிற்பது பனியா, புகையா என்றே புரியாது. டீக்கடையில் கேட்டால், "எல்லாம் நெய்வேலி சிம்னி பண்ற வேலைதான்" என்று ஒரே வரியில் முடித்து விடுவார்கள். கடலூர் பக்கம் என்றால் பழி சிப்காட் மேல் விழும்.

உண்மை என்ன?

புகையில் உள்ள கருப்பு நுண்துகளுக்கு 'பிளாக் கார்பன்' என்று பெயர். சட்டி அடியில் பிடிக்கிற அதே கரிதான். எது அரைகுறையாக எரிந்தாலும் இது வரும். மூச்சோடு நுரையீரலின் அடி வரை போய்விடும்.

அனல்மின் நிலைய கொதிகலனில் பழுப்பு நிலக்கரி கடும் சூட்டில் ஏறக்குறைய முழுசாக எரிகிறது. அதனால் அங்கே கரித்துகள் குறைவு. அதற்காக சிம்னி சுத்தம் என்று அர்த்தமில்லை. சாம்பல் தூசியும், கந்தக டை ஆக்சைடும் அங்கிருந்துதான் வருகிறது.

கரித்துகளை அதிகம் கக்குவது சின்னச் சின்ன நெருப்புதான். விறகு அடுப்பு, வயலில் கொளுத்தும் தாள், கரும்பு சோகை, செங்கல் சூளை, பழைய டீசல் லாரி, என்ஜின்... இப்படி பட்டியல் நீள்கிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

மரம், வைக்கோல் புகையில் கார்பன்-14 என்ற அணு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும், டீசலிலும் அது துளியும் இருக்காது. இதை வைத்து 2009-ல் சுவீடன் விஞ்ஞானிகள், புனே அருகே சிங்ககட் மலையிலும் மாலத்தீவிலும் பிடித்த காற்றை சோதித்தார்கள். அதில் இருந்த கரித்துகளில் பாதி முதல் 3-ல் 2 பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு எரித்ததில் வந்தது என்று தெரிந்தது.

சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் விஞ்ஞானியான வி.ராமநாதனும் 2008-லேயே எச்சரித்தார். பூமியை சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடம் கரித்துகளுக்குத்தான் என்றார்.

லிஸ்டிலேயே இல்லை!

ஆனால் 2009-ல் மத்திய அரசு வெளியிட்ட காற்று தர பட்டியலில் உள்ள 12 மாசுகளில் பிளாக் கார்பன் கிடையாது. வரம்பே இல்லாதபோது மீறியதாக யாரைப் பிடிப்பது?

அடுப்பு ஊதும் பெண்களை குறை சொல்வதிலும் நியாயமில்லை. 2007-ல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு தந்தது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா வந்தது. அடுப்பு வந்தாலும், அடுத்த சிலிண்டருக்கு காசு வேண்டுமே! கூலி கிடைக்காத வாரத்தில் மறுபடியும் சவுக்கு விறகுதான். தாளை கொளுத்தும் விவசாயிக்கும், அதை கட்டு கட்டி மாட்டுத் தீவனமாக விற்க மெஷின் வாடகை கட்டுப்படியானால்தான் தீப்பெட்டி கீழே இறங்கும்.

ஒரே ஆறுதல், கரித்துகள் காற்றில் தங்குவது சில நாள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரம்தான். இன்று நெருப்பு குறைந்தால் அடுத்த வாரமே மூச்சு லேசாகும்.

சிம்னியை கேள்வி கேட்பது சரிதான். அதோடு சிலிண்டர் விலையையும் கேட்டால்தான் சமையல்கட்டு புகை அடங்கும்!