போர்க்களத்தை யார் பாடுவது?

சூப்பர்ஹீரோ படவரிசை ஒன்றின் அடுத்த படத்துக்கு இயக்குநர் யார் என்ற பேச்சு எழும்போதெல்லாம், நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்கள் அதை வெறும் வணிகச் செய்தியென்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எல்லோருக்கும் தெரிந்த கதையை மீண்டும் சொல்ல ஒருவரைத் தேர்வது, காவியங்களைப் படித்து வளர்ந்த நமக்குப் பழகிய விஷயம்தான்.

அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்டெல் 2018-ல் ஒரு தகவலைச் சொன்னார். 'பிளாக் விடோ' படத்துக்காக மார்வெல் நிறுவனத்தார் அவரைச் சந்தித்திருக்கிறார்கள். நாயகியின் குணச்சித்திரத்தை வளர்த்தெடுக்கப் பெண் இயக்குநர் வேண்டும். சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். அவருக்கோ சண்டைகளையும் தானே எடுக்க ஆசை. 'லா சியெனாகா', 'ஸாமா' போன்ற படங்களில் ஒலியைக் கொண்டே நம்மை நிலைகுலையச் செய்தவர் அவர். ஒரு கைகலப்பை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். படம் வேறொருவர் இயக்கத்தில் 2021-ல் வந்தது.

சூப்பர்ஹீரோ கதையில் சண்டை தொட்டுக்கொள்ளும் ஊறுகாயா என்ன? பாத்திரம் தன்னை முழுதாக வெளிப்படுத்தும் இடமே அதுதான். 'அயோத்தியையும் அசோகவனத்தையும் நீங்கள் பாடுங்கள், யுத்த காண்டத்தை ஆள் வைத்து எழுதிக்கொள்கிறோம்' என்று சடையப்ப வள்ளல் கம்பனிடம் சொல்லியிருந்தால், அந்தக் கும்பகருணன் நமக்குக் கிடைத்திருப்பானா? (உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குவது வேறு கதை.)

பேட்மேன் வரிசையைப் பாருங்கள். டிம் பர்ட்டன் 1989-ல் எடுத்த படம் பெருவெற்றி. அவரே 1992-ல் எடுத்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' குழந்தைகளுக்கு ஆகாத இருட்டு என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் குழந்தைகளின் உணவோடு பேட்மேன் பொம்மை கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. வார்னர் பிரதர்ஸ் ஆளை மாற்றியது. புதிதாக வந்த ஜோயல் ஷூமேக்கர் திறமையற்றவர் அல்லர். ஆனால் அவருடைய இரண்டாவது படமான 'பேட்மேன் அண்ட் ராபின்' (1997) உருவானபோது, எது பொம்மையாக விற்கும் என்ற கணக்கு வாகனங்களின் வடிவம் வரை புகுந்திருந்தது. அதற்குப் பின் எட்டு ஆண்டுகள் பேட்மேனுக்குப் படமே இல்லை.

2003-ல் கிறிஸ்டோபர் நோலனைத் தேர்ந்தார்கள். அந்தத் தேர்வின் துணிச்சலை எல்லோரும் பாராட்டிவிட்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 'இன்சோம்னியா'வில் தன்னுடன் பணிபுரிந்த ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டரையும் கலை இயக்குநர் நேதன் கிரௌலியையும் அவர் கூடவே அழைத்து வந்தார். பேட்மேனின் அந்த முரட்டு வாகனம் பிறந்தது பொம்மைக்கடைக் கணக்கில் அன்று; நோலன் வீட்டுக் கார் ஷெட்டில் கிரௌலி செய்துபார்த்த மாதிரிகளில். மார்வெலுக்கும் இது தெரியாததில்லை. 'பிளாக் பேந்தர்' (2018) படத்துக்கு ரயன் கூக்ளர் தன் பழைய இசையமைப்பாளர், கலை இயக்குநர், ஒளிப்பதிவாளர் மூவரையும் கொண்டுவந்தார். இசைக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

ஆகவே அடுத்த இயக்குநரின் பெயர் அறிவிக்கப்படும்போது நாம் கேட்க வேண்டியது, அவர் யாரை உடன் அழைத்து வரலாம், எந்தெந்தக் காட்சிகள் அவர் கையில் இருக்கும் என்பதைத்தான். விருது வாங்கிய பெயரைச் சுவரொட்டியில் போட்டுவிட்டு, படத்தின் பாதியை வேறோர் அறையில் தயாரிப்பது வாசகனை ஏமாற்றும் வேலை.

பல கோடி டாலர் போடுகிறவர்கள் பயப்பட மாட்டார்களா என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆங் லீயின் 'ஹல்க்' (2003) முற்றிலும் அவருடைய படம். தந்தைக்கும் மகனுக்குமான பகை, காமிக்ஸ் கட்டங்களாகப் பிளந்த திரை. தோல்வி என்றார்கள். எனக்கு இன்றும் பிடித்த படம். 2008-ல் அதே பாத்திரத்தை, துரத்தலும் மோதலுமாக, வேறோர் இயக்குநரைக் கொண்டு எடுத்தார்கள். உலக அளவில் முதல் படத்தின் வசூல் ஏறத்தாழ 24.5 கோடி டாலர். இரண்டாவதின் வசூல் 26 கோடியைச் சற்றே தாண்டியது.