மக்ரோரி கதையில் நான் சொல்லாமல் விட்ட பாதி

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையில் காபி வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போடுகிறவர்களை எனக்குத் தெரியும்!

என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு ஜிம்மி மக்ரோரி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் பிரிவு உபசார விழாவில் அந்த ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரரின் கதையைச் சொல்லித்தான் உங்களை அனுப்பி வைத்தேன். நான் மைக்கைப் பிடித்ததும் "மக்ரோரி வந்துட்டார்டா" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. உறவுக்காரர்களும் கல்யாண வீட்டுப் பந்தியில் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள்.

அந்தக் கதையை இத்தனை வருஷமும் பாதிதான் சொன்னேன். மீதி தெரியாமல் விடவில்லை. தெரிந்தேதான் விட்டேன். அதை இன்று சொல்லிவிட வேண்டும்.

காரணம் இருக்கிறது. போன மாதம் ஒரு மாணவன் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவன், தலையில் பாதி நரை. பழங்களை மேசையில் வைத்துவிட்டு, பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: "சார், பதினாறு வருஷமா ஒரே கம்பெனி. நடுவுல ரெண்டு நல்ல வேலை வந்துச்சு. உங்க மக்ரோரி ஞாபகம் வந்துச்சு, போகல. போன வாரம்தான் தெரிஞ்சது, எனக்குக் கீழ நான் பழக்கிவிட்ட பையனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

முதலில் நீங்கள் கேட்ட பாதி. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடி சொல்கிறேன்.

ஜிம்மி மக்ரோரி 1904-இல் கிளாஸ்கோ நகரில் கார்ன்காட் என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் பிறந்தார். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. 1922-இல் செல்டிக் அணியில் சேர்ந்தார். நடுவில் ஒரு பருவம் கிளைடுபேங்க் அணிக்கு இரவலாகப் போனதைத் தவிர, 1937 வரை அங்கேயே ஆடினார். ஆள் உயரமில்லை. ஆனால் அகன்ற தோள், காளைக் கழுத்து. பறந்து வரும் பந்தைப் பாய்ந்து தலையால் முட்டினால், மற்றவர் காலால் உதைப்பதைவிட வேகமாகப் போகும் என்பார்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் எண்களுக்கு வருகிறேன். செல்டிக் அணிக்காக எல்லாப் போட்டிகளும் சேர்த்து 445 ஆட்டங்களில் 468 கோல்கள் என்பது பரவலாக அச்சில் வரும் கணக்கு. எண்ணுகிற முறையைப் பொறுத்து சில புத்தகங்களில் இரண்டு மூன்று கூடும். எப்படிப் பார்த்தாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோலுக்கு மேல். ஒரு மாதமோ ஒரு பருவமோ இப்படி ஆடியவர்கள் பலர் உண்டு. வாழ்நாள் முழுவதும் ஆடுவது வேறு. கிரிக்கெட்டில் பிராட்மனின் 99.94 எப்படியோ, அப்படி.

1928 ஜனவரி 14 அன்று டன்ஃபர்ம்லைன் அணியை செல்டிக் 9-0 என்று வென்றது. அந்த ஒன்பதில் எட்டு மக்ரோரியுடையது. 1935-36 பருவத்தில், முப்பது வயதைத் தாண்டிய பிறகு, லீக்கில் மட்டும் 50 கோல் போட்டார். பத்து வருஷமாகக் கைக்கு எட்டாத லீக் பட்டம் அந்த வருஷம்தான் செல்டிக்குக்குத் திரும்பி வந்தது.

இப்போது பிரிவு உபசார விழாக் கட்டம். 1928 கோடையில் அவரும் செல்டிக் மேலாளர் வில்லி மேலியும் பிரான்சில் இருக்கும் லூர்து மாதா கோயிலுக்கு யாத்திரை கிளம்பினார்கள். வழியில் லண்டன். அங்கே ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் காத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் பெரிய அணியைக் கட்டிக்கொண்டிருந்த மனிதர். மக்ரோரிக்காக 10,000 பவுண்டு வரை தரத் தயாராக இருந்தார். அந்தக் காலத்தில் அது யாரும் கேள்விப்படாத தொகை. மக்ரோரி மாட்டேன் என்றார். யாத்திரை முடிந்து திரும்பும்போது சாப்மன் மறுபடி பிடித்தார். அப்போதும் மாட்டேன் என்றார். அவருக்கு செல்டிக்தான் வீடு.

அதே வருஷம் ஆர்சனல் டேவிட் ஜாக் என்பவரை 10,000 பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. அடுத்த பத்து வருஷத்தில் ஐந்து முறை லீக் பட்டம் வென்றது. மக்ரோரி இதையெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே நான் நிறுத்துவேன். "பணத்துக்காக வீட்டை விட்டுப் போகாதவன் மனிதன்" என்பேன். நீங்கள் கை தட்டுவீர்கள். போண்டா, காபி. கதை முடிந்தது.

இனி சொல்லாமல் விட்ட பாதி.

லண்டனில் சாப்மன் தற்செயலாக நிற்கவில்லை. செல்டிக் நிர்வாகத்துக்கு மக்ரோரியை விற்கச் சம்மதம் இருந்தது. மைதானத்தில் புது அரங்கம் கட்டும் வேலை, கையில் பணம் தேவை. யாத்திரைக்குக் கூட்டிக்கொண்டு போன மேலாளருக்கும் விஷயம் தெரியும். எந்த வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று அவர் நின்றாரோ, அந்த வீட்டுக்காரர்களே விலை பேசிவிட்டு வந்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்தது இன்னும் மோசம். அவர் மறுத்ததால் பணம் போயிற்றே என்ற எரிச்சலில், சக வீரர்களைவிட வாரம் ஒரு பவுண்டு குறைத்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு 9 பவுண்டு, அவருக்கு 8. அவரிடம் சொல்லாமல். பின்னால்தான் அவருக்குத் தெரிய வந்தது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? வருஷம் முழுக்க அதே வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 52 வாரம். 1928-இலிருந்து 1937 வரை 9 வருஷம். 52-ஐ 9-ஆல் பெருக்குங்கள். 468.

அவர் போட்ட கோல் எத்தனை என்று மேலே பாருங்கள். ஒரு கோலுக்கு ஒரு பவுண்டு வீதம் அவரிடமிருந்தே பிடித்துக்கொண்ட மாதிரி. தற்செயல்தான், தெரியும். ஆனாலும் அந்தத் தாளை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் மறைத்தேன்? நீதியைக் கெடுத்துவிடும் என்று. பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம் "விசுவாசமாக இரு, ஆனால் உன் சம்பளத்தில் கை வைப்பார்கள்" என்று எப்படிச் சொல்வது? இது ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. அந்தக் காலத்தில் நானும் ஒரு பள்ளிக்கூடத்தில், கையெழுத்துப் போட்ட தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் வித்தியாசம் பார்த்தவன். கேட்கத் தைரியம் இல்லாமல் இருந்துவிட்டேன். என் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்க மக்ரோரி எனக்கு உதவினார். அதைத்தான் உங்களுக்கும் கொடுத்தேன்.

சிலர் கேட்பீர்கள்: "சார், மக்ரோரியே வருத்தப்படவில்லையே? உங்களுக்கு என்ன?" நியாயமான கேள்வி. அவர் வருத்தப்படவில்லை என்பது உண்மை. அந்தப் பச்சை வெள்ளைப் பட்டை ஜெர்சியைப் போட்டதே போதும் என்ற மனநிலைதான் அவருக்குக் கடைசி வரை. நான் அதை நம்புகிறேன். ஆனால் அவர் மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. அதை எடுத்து, குறைத்துக் கொடுத்தவர்கள் "கணக்கு சரி" என்று முத்திரை குத்திக்கொள்ள முடியாது.

நாட்டு அணியிலும் அவருக்கு இதே கதிதான். ஸ்காட்லாந்துக்கு ஆடியது 7 ஆட்டம், போட்டது 6 கோல். 1928 மார்ச்சில் வெம்பிளியில் இங்கிலாந்தை 5-1 என்று சாய்த்த அந்தப் புகழ்பெற்ற அணியில் அவர் இல்லை. லீக்கில் கோலாகக் குவித்துக்கொண்டிருந்த பருவம் அது. இதில் நான் ஒருதலையாகப் பேச மாட்டேன். அவருடைய இடத்தில் ஆடிய ஹ்யூகி கல்லாக்கர் லேசுப்பட்டவர் இல்லை; 20 ஆட்டங்களில் 20-க்கு மேல் கோல் போட்டவர். மக்ரோரி ஐரிஷ் வழிக் கத்தோலிக்கர் என்பதால் ஒதுக்கினார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் கல்லாக்கர் உடம்பிலும் ஐரிஷ் ரத்தம்தான். எது எப்படியோ, 1933 ஏப்ரல் 1 அன்று ஹாம்ப்டன் மைதானத்தில் 1,34,170 பேர் முன்னால் இங்கிலாந்தை ஸ்காட்லாந்து 2-1 என்று வென்றபோது இரண்டு கோலும் மக்ரோரியுடையவை. 'ஹாம்ப்டன் கர்ஜனை' என்று பின்னால் பெயர் பெற்ற இரைச்சல் அன்றைக்குப் பிறந்தது என்பார்கள். அந்த ஆளை ஏழே ஏழு ஆட்டம்தான் ஆட விட்டார்கள்.

1937-இல் ஆட்டத்தை விட்டுவிட்டு கில்மார்னாக் அணிக்கு மேலாளராகப் போனார். அடுத்த சில மாதங்களிலேயே, 1938 கோப்பைப் போட்டியில், அவருடைய கில்மார்னாக் செல்டிக்கையே வெளியேற்றியது! வீட்டை விட்டு வெளியே போயும் மனிதன் வாழலாம், ஜெயிக்கவும் செய்யலாம் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது. இதையும் உங்களுக்கு நான் சொன்னதில்லை.

1945-இல் செல்டிக் கூப்பிட்டது. போனார். இருபது வருஷம் மேலாளராக இருந்தார். பெயருக்குத்தான் மேலாளர், யார் ஆடுவது என்பதைப் பெரும்பாலும் தலைவர் ராபர்ட் கெல்லி முடிவு செய்தார் என்று அந்தக் காலத்து வீரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். மக்ரோரி சண்டை போடுகிற ஆள் இல்லை. ஆனாலும் 1957 லீக் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸை 7-1 என்று வென்றது அவர் காலத்தில்தான். 1965-இல் ஜாக் ஸ்டீன் வந்தார். 1967-இல் செல்டிக் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அந்த லிஸ்பன் அணியில் பெரும்பாலானவர்கள் மக்ரோரி காலத்தில் சேர்ந்த பையன்கள். நாற்று விட்டவர் ஒருவர், அறுவடை செய்தவர் ஒருவர். ஆசிரியர்களுக்கு இது பழகின கதைதான். 1982-இல் மக்ரோரி காலமானார்.

நம் நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. 1936-இல் கல்கத்தாவிலிருந்து முகமது சலீம் என்ற வீரர் செல்டிக்குக்குப் போனார். பூட்ஸ் கிடையாது, காலில் துணிக்கட்டு கட்டிக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடி அசத்தினார். தங்கச் சொன்னார்கள். ஊர் நினைப்பு தாங்காமல் திரும்பிவிட்டார். மக்ரோரி அந்த மைதானத்தை வீடு என்று நினைத்து இருந்தார். அதே மைதானத்தை விட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று சலீம் கிளம்பினார். இரண்டு பேர் செய்ததும் சரிதான். அவரவர் மனசு.

அதனால் என் கருத்து இதுதான், பிள்ளைகளே. ஓரிடத்தில் மனசு ஒட்டினால் இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மக்ரோரி இருந்ததை இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு இருங்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன வாங்குகிறார் என்று விசாரிப்பது பாவமில்லை. கேட்பது துரோகமில்லை. உங்கள் விசுவாசத்தைப் புகழ்கிறவரிடம் "சரி சார், சம்பளக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று சொல்லப் பழகுங்கள். கணக்கைக் காட்ட மறுக்கிற இடத்தில் விசுவாசத்தைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

உங்களில் முதலாளிகளாகவும் மேனேஜர்களாகவும் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. "இவன் எங்கே போயிடப் போறான்" என்று நினைத்து நீங்கள் குறைத்துக் கொடுக்கும் ஒருவர் உங்களிடம் இருப்பார். நாளைக்குப் போனதும் அந்த ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

பழங்களோடு வந்த என் பையனுக்கு: தம்பி, அன்று உன்னிடம் "நல்லது நடக்கும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். தப்பு. முதலில் போய்க் கேள். கொடுக்காவிட்டால் கிளம்பு. கதையைப் பாதி சொன்னது உன் வாத்தியார். அந்தப் பதினாறு வருஷத்துக்கு என்னால் வட்டி கட்ட முடியாது, மன்னிப்புதான் கேட்க முடியும்.

அடுத்த வருஷம் யாராவது பிரிவு உபசார விழாவுக்குக் கூப்பிட்டால் வருகிறேன். மக்ரோரி கதைதான் சொல்வேன். இந்தத் தடவை முழுசாக.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்