பெயர் எழுதி வந்த புத்தகம்



சென்ற மாதம் ஒரு சகோதரி கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகள் கணவரோடு அமெரிக்காவில் வசிக்கிறார். மூன்று வயதுப் பேரனுக்கு, அவன் பிறந்த சில மாதங்களிலிருந்தே, மாதம் ஒரு புத்தகம் இலவசமாகத் தபாலில் வந்துகொண்டிருந்ததாம். அந்த ஊரில் பணம் கொடுத்து வந்த அமைப்பு இனி முடியாதென்று கைவிரித்து விட்டது. புத்தகம் நின்றுபோயிற்று. “ஹஸரத், பிள்ளை இன்னும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறானாம். அவ்வளவு வசதியான நாட்டில் ஒரு குழந்தையின் புத்தகத்தையா நிறுத்துவார்கள்?” என்று கேட்டிருந்தார்.

கேள்வி என்னை விடவில்லை. அத்திட்டத்தைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அதை 1995இல் தொடங்கியவர் டொலி பார்ட்டன் என்ற பாடகி. (பாட்டைப் பற்றிய மார்க்கச் சட்டம் இன்றைய பேச்சல்ல. நல்ல காரியத்தை யார் செய்தாலும் நல்லதென்று சொல்ல நமக்கு நா கூசக் கூடாது.) டென்னஸி மாநில மலைப் பகுதியில், பன்னிரண்டு பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் கெட்டிக்கார உழைப்பாளி. ஆனால் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. அந்தக் குறையை நினைத்தே மகள் தன் சொந்த மாவட்டத்துக் குழந்தைகளுக்கு, பிறந்தது முதல் ஐந்து வயது வரை, மாதம் ஒரு புத்தகம் அனுப்ப ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் அவரைப் ‘புத்தகம் தரும் அம்மா’ என்று அழைத்தபோது, மகள் புகழ்பெற்ற பாடகியானதை விட அதிலேதான் தகப்பனார் பெருமைப்பட்டாராம்.

ஒரு மாவட்டத்தில் தொடங்கிய வேலை பிறகு கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அயர்லாந்து வரை போயிற்று. 2018இல் பத்துக் கோடியாவது புத்தகத்தை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தார்கள்.

இதில் என் மனதைத் தொட்டது அந்தக் கணக்கல்ல. புத்தகம் தாயின் பெயருக்கோ தகப்பனின் பெயருக்கோ வருவதில்லை. உறையின் மேல் குழந்தையின் பெயரே இருக்கும். பெயரைச் சொல்லத் தெரியாத வயதில் ஒரு பிள்ளைக்குத் தபால் வருகிறது! வாங்கிக் கொடுக்க வசதியுள்ள வீட்டுக்கும் அதே புத்தகம், வசதியற்ற வீட்டுக்கும் அதே புத்தகம். ஆகவே எவரும் கையேந்தி நிற்பதாகத் தெரியாது. ஸதகா கொடுக்கும்போது வாங்குபவரின் முகம் வாடாமல் கொடுக்க வேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைச் செய்து காட்டும் முறை இது.

அங்கே முதல் மாதம் வருவது, மலையேற முயலும் ஒரு சிறிய ரயில் எஞ்சினின் கதை. ஐந்து வயது நிறையும்போது கடைசியாக வருவது, பாலர் பாடசாலைக்குப் புறப்படும் ஒரு பிள்ளையின் கதை. நம் சகோதரியின் பேரனுக்கு அந்தக் கடைசிப் புத்தகம் வரப்போவதில்லை.

ஏன் நின்றது? புத்தகங்களைத் தெரிவு செய்வதும் நிர்வாகமும் டொலி பார்ட்டனின் தர்ம நிறுவனத்தின் பொறுப்பு. புத்தகத்தின் விலையையும் தபால் கூலியையும் அந்தந்த ஊரிலுள்ள அமைப்பு ஒன்று கட்ட வேண்டும். அப்படி ஓர் அமைப்பு இருக்கும் ஊரில் மட்டுமே பிள்ளையைப் பதிய முடியும். அது ஓய்ந்தால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகமும் ஓயும். சில மாநிலங்களில் அரசு பாதிச் செலவை ஏற்றது. இந்தியானாவும் அப்படித்தான். ஆனால் 2025இல் அம்மாநில ஆளுநர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும், கொடையாளர்களைத் தேடிப் பணம் திரட்டும் பொறுப்பைத் தம் மனைவியிடம் ஒப்படைத்தார். ஆக, வருடந்தோறும் ஒருவரின் மனம் இரங்கினால் உண்டு, இரங்காவிட்டால் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு வக்பு நினைவுக்கு வந்தது. அரபுக் கல்லூரியில் அந்தப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவார்கள். உண்மையைச் சொன்னால், ஓதிய காலத்தில் நானும் விட்டவன்தான். கைபரில் தமக்குக் கிடைத்த அருமையான நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, அடியை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும் வழியை நபி (ஸல்) அவர்கள் காட்டினார்கள். அந்த நிலத்தை விற்க முடியாது, அன்பளிப்புச் செய்ய முடியாது, வாரிசுகள் பங்கு போடவும் முடியாது. கொடுத்தவர் மௌத்தான பிறகும், அடுத்த தலைமுறையின் மனம் மாறினாலும், வருமானம் உரியவரைப் போய்ச் சேரும்.

நம் நாட்டில் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டமே வக்புகளுக்காக இருக்கிறது. பள்ளிவாசலுக்கென்று கடையும் தென்னந்தோட்டமும் வயலும் எழுதி வைத்த பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. சிறு பிள்ளைகளின் புத்தகத்துக்கென்று ஒரு கடையறையின் வாடகையை எழுதி வைத்ததை மட்டும் நான் கண்டதில்லை. சகோதரிகளே, உங்களிலும் தாய்வழிச் சொத்து உள்ளவர்கள் இருக்கிறீர்கள். வீட்டு ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள். பத்துத் தென்னை போதும், ஒரு தெருவின் பிள்ளைகளுக்கு.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் பேரனின் ஊரில் நின்றதை இங்கிருந்து நாம் மீட்க முடியாது. ஆனால் அவனுக்கு இப்போது மூன்று வயது. ஐந்து நிறைய இன்னும் இருபத்து நான்கு மாதங்கள் இருக்கின்றன. மாதம் ஒரு தமிழ்ப் படக்கதைப் புத்தகம், மெல்லியதாக இருந்தால் தபால் செலவு குறையும், நீங்களே அனுப்புங்கள். தொலைபேசியில் அதை நீங்களே வாசித்தும் காட்டலாம். ஒன்றை மட்டும் மறந்து விடாதீர்கள். உறையின் மேல் மகளின் பெயரையோ மருமகனின் பெயரையோ எழுதாதீர்கள். பேரனின் பெயரை எழுதுங்கள், முழுப் பெயரையும்.